கோப்பையா, கூட்டமா? பெரிய கிளப்புக்கு எப்படிப்பட்ட மேனேஜர் வேண்டும்?

குன்னூர் விங்கர்:
ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் மாட்ச் முடிந்து பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீயும் வர்க்கியுமாக உட்கார்ந்தபோது ஆரம்பித்த வாக்குவாதம் இது. மழை நின்றது, பேச்சு நிற்கவில்லை. அதனால் இங்கே கொண்டுவருகிறேன். ஒரு கிளப்பைப் பெரிய கிளப் என்று எதை வைத்துச் சொல்வது? அந்தக் கிளப் மேனேஜரைத் தேடும்போது எதைப் பார்க்க வேண்டும்?

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். தோற்றுக்கொண்டே இருக்கும் காலத்தில் எத்தனை பேர் மைதானத்துக்கு வருகிறார்கள் என்பதுதான் அளவு. சண்டர்லாந்து இங்கிலாந்து லீக்கைக் கடைசியாக வென்றது 1936இல். அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளும்படி வென்றது, தோற்றால் வெளியேறும் எஃப்.ஏ. கோப்பையை 1937, 1973 என்று இரண்டு முறை மட்டும். 2018இல் மூன்றாம் பிரிவுக்கே விழுந்தது. அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பிராட்ஃபோர்டோடு நடந்த ஆட்டத்துக்கு 46,000 பேருக்கு மேல் வந்தார்கள். குன்னூர் நகராட்சியின் மொத்த ஜனமே 2011 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 45,000தான். மூன்றாம் பிரிவு ஆட்டத்துக்கு ஒரு ஊரே போய் உட்கார்ந்த மாதிரி. அதைப் பெரிய கிளப் இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வராது.

கூடலூர் செவன்ஸ்:
அண்ணா, அது பாசம். பாசம் வேறு, பெருமை வேறு. எங்கள் பக்கம் ராத்திரி லைட் போட்டு, அணிக்கு ஏழு பேராக செவன்ஸ் ஆடும்போது, எந்த டீமின் பெயரைக் கேட்டதும் எதிரணி முகம் மாறுகிறதோ அதுதான் பெரிய டீம். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மைதானத்தில் 30,000 பேர் உட்காரலாம், அவ்வளவுதான். லீக்கை ஒரே ஒரு முறை, 1978இல் வென்றது. ஆனால் 1979, 1980 இரண்டு வருடமும் ஐரோப்பியக் கோப்பை, அதாவது இன்றைய சாம்பியன்ஸ் லீக், அவர்களுடையது. ஒன்பது முறை லீக் வென்ற எவர்ட்டனிடம் அந்தக் கோப்பை ஒன்றுகூட இல்லை.

மேனேஜர் விஷயமும் அப்படித்தான். ஜெயித்துக் காட்டியவரை எடு, சரிவரவில்லை என்றால் மாற்று. செல்சீ 2012 மார்ச்சில் மேனேஜரை அனுப்பிவிட்டு, உதவியாளராக இருந்த டி மத்தேயோவிடம் பொறுப்பைக் கொடுத்தது. மே மாதம் சாம்பியன்ஸ் லீக். 2021 ஜனவரியில் மேனேஜர் லாம்பார்டை நீக்கி டுகெலைக் கொண்டுவந்தது. மே மாதம் மறுபடியும் சாம்பியன்ஸ் லீக். பொறுமை, பொறுமை என்று சொல்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

குன்னூர் விங்கர்:
ஃபாரஸ்ட்டை நீயே எடுத்துக் கொடுத்துவிட்டாய் தம்பி. 1999இல் இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கிய ஃபாரஸ்ட் திரும்பி வந்தது 2022இல். நடுவில் மூன்று சீசன் மூன்றாம் பிரிவிலும் கிடந்தது. அந்த 23 வருடமும் கிளப்பைத் தாங்கியது அலமாரியில் இருந்த இரண்டு கோப்பைகளா, டிக்கெட் வாங்கிய ஜனமா?

ஜெயித்துக் காட்டியவரை எடு என்கிறாய். மேனேஜர் பிரையன் கிளஃப் டெர்பி கிளப்பை 1972இல் லீக் சாம்பியன் ஆக்கியவர். 1974இல் லீட்ஸ் அவரை எடுத்தது. 44 நாளில் அனுப்பியது. லீட்ஸ் முரட்டாட்டம் ஆடுகிறது என்று வருடக்கணக்கில் வெளிப்படையாகத் திட்டியவரை அதே லீட்ஸ் வீரர்கள் முன் கொண்டுபோய் நிறுத்தினால் வேறென்ன ஆகும்? நாலு மாதம் கழித்து, இரண்டாம் பிரிவில் கிடந்த ஃபாரஸ்ட்டுக்குப் போனார். மீதிக் கதையை நீயே சொல்லிவிட்டாய். ஆளும் அதே ஆள், வாயும் அதே வாய். இடம் பொருந்தியது.

அருவங்காடு ஸ்டாப்பர்:
பொருத்தம் என்று சொல்லி விட்டுவிட்டால் போதாது, எதோடு பொருத்தம் என்று பார்க்க வேண்டும். ஷாங்க்லி 1959 கடைசியில் லிவர்பூலுக்கு மேனேஜராக வந்தபோது அது இரண்டாம் பிரிவு டீம். அங்கே ஏற்கெனவே இருந்த பெய்ஸ்லி, ஃபேகன் போன்ற கோச்சுகளை அவர் வெளியே தள்ளவில்லை. பூட்ஸ் வைக்கும் சின்ன அறையில் உட்கார்ந்து அவர்களோடு பேசிப் பேசியே டீமைக் கட்டினார். 1974இல் அவர் விலகியதும் பெய்ஸ்லி மேனேஜர் ஆனார். ஒன்பது வருடத்தில் ஆறு லீக், மூன்று ஐரோப்பியக் கோப்பை.

மான்செஸ்டர் யுனைடெட்டில் நீண்ட காலம் மேனேஜராக இருந்த ஃபெர்குசன் 2013இல் போனார். அடுத்து வந்த மோயஸுக்கு ஆறு வருட ஒப்பந்தம் போட்டார்கள். அவர் தன் ஆட்களைக் கூட்டிவந்தார், பழைய கோச்சுகள் கிளம்பினார்கள். பத்து மாதத்தில் அவரும் வெளியே. சரி, உள் ஆளை எடுத்திருக்கலாமே என்பீர்கள். அப்புறம் அங்கேயே ஆடிய சோல்ஷரை எடுத்தார்களே, உள் ஆள்தானே? ஒரு கோப்பைகூட வரவில்லை. உள் ஆளா வெளி ஆளா என்பதல்ல விஷயம். வருகிறவர் அங்கே என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்கிறாரா?

இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். எங்கள் டீமுக்கு ஒரு சமயம் கீழ்நாட்டில் நல்ல பெயரெடுத்த கோச் வந்தார். எங்கள் மைதானம் ஒரு பக்கம் சரிவு. மூன்று மணிக்கு மேல் மூடுபனி இறங்கிவிடும். நாங்கள் சின்னச் சின்னதாகப் பாஸ் கொடுத்து ஆடிப் பழகியவர்கள். அவர் நீளமாகத் தூக்கி அடிக்கச் சொன்னார். பனிக்குள் போன பந்து நம் ஆளுக்கா அவர்கள் ஆளுக்கா என்று தெரியாது, பாதிப் பந்து தேயிலைக்குள் உருண்டுவிடும். திறமைசாலிதான், எங்கள் பையன்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அந்த வருடம் முதல் சுற்றிலேயே வெளியேறினோம். இன்றைக்கும் எனக்கு அந்த வருத்தம் உண்டு.

கோத்தகிரி நம்பர் டென்:
கோப்பையும் கூட்டமும் இருந்தால் போதுமா? 2019 மார்ச் 9. மேட்டுப்பாளையம் இறங்கி, பஸ் மாறி, கோவை நேரு ஸ்டேடியத்துக்குப் போனோம். சென்னை சிட்டி ஆரம்பத்திலேயே ஒரு கோல் வாங்கிவிட்டு, மினெர்வா பஞ்சாபை 3-1 என்று வென்றது. ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம், தேசிய லீக்கான ஐ-லீக்கில் சாம்பியன். சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் கோச். தொண்டை கட்டிப்போய்தான் மலையேறினேன். ஆனால் 2021-22 ஐ-லீக்கில் அந்தக் கிளப்பின் பெயரே இல்லை. அன்று இரண்டாவதாக வந்த ஈஸ்ட் பெங்கால் 2004க்குப் பிறகு தேசிய லீக்கை வெல்லாமலே அத்தனை வருடம் ஓட்டியிருந்தது. 1920இல் ஆரம்பித்த கிளப். அப்பா, தாத்தா காலத்திலிருந்து வருகிற ரசிகர்கள். அந்த வேர் பிடிக்கிற அளவுக்கு நமக்கு வருடம் கிடைக்கவில்லை.

கூடலூர் செவன்ஸ்:
டென் அண்ணா சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. நானும் அன்று டிவியில் பார்த்தேன்.

ஒரு விஷயம் ஒத்துக்கொள்கிறேன். சண்டர்லாந்து 2024இல் மேனேஜராக எடுத்த லெ பிரியை என் கணக்குப்படி யாரும் எடுக்கவே கூடாது. அப்போதுதான் அவருடைய லோரியான் டீம் பிரெஞ்சு முதல் பிரிவிலிருந்து இறங்கியிருந்தது. ஆனால் இளம் வீரர்களை வளர்ப்பதில் பல வருடம் செலவிட்டவர், சண்டர்லாந்திடமும் இருந்தது சின்னப் பையன்கள் டீம். 2025 மே மாதம் ஷெஃபீல்ட் யுனைடெட்டை 2-1 என்று வென்று பிரீமியர் லீக்குக்கு வந்துவிட்டார்கள். அது சரி, அந்த 46,000 பேரும் எதற்காக வந்தார்கள்? என்றாவது ஜெயிப்போம் என்றுதானே? டி மத்தேயோவுக்கு மட்டும் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

குன்னூர் விங்கர்:
சொல்கிறேன். 1997 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் முதல் நிமிடத்திலேயே செல்சீக்காக கோல் அடித்தவர் அவர். அந்த டிரெஸ்ஸிங் ரூம் அவருக்குப் புதிதில்லை. கோப்பை வாங்கித் தந்து ஆறு மாதத்தில், நவம்பரில், அவரையும் அனுப்பிவிட்டார்கள். இதையும் சரி என்பாயா?

கூடலூர் செவன்ஸ்:
அது தப்புதான் அண்ணா. ஆனால் அந்தக் கோப்பை இன்னும் செல்சீயிடம்தான் இருக்கிறது.