பழனிக்குப் படியேறாமல் போனால் தரிசனம் கணக்கில் வராதா?

சண்முகநதி: அடுத்த மாதம் அம்மாவைப் பழனிக்குக் கூட்டிப் போகிறேன். வயது 68, இரண்டு முட்டியும் தேய்மானம். ரோப் காரில் போய்விடலாம் என்றேன். பெரியப்பா "படி மிதிக்காமல் மேலே போய் நின்றால் அது தரிசனம் இல்லை, சுற்றுலா" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். அம்மா அதிலிருந்து யோசனையாகவே இருக்கிறார். என்ன செய்யலாம்?

தைப்பூசத்துக்காரன்: பெரியப்பா சொன்ன விதம் கடுமை, சொன்ன விஷயம் சரி. பதினோரு வருடமாகப் பாதயாத்திரை போகிறேன். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றிக்கொண்டே ஏறுபவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? மேலே போய்ச் சேரும்போது உள்ளங்காலில் கரியும் மெழுகும் குங்குமமும் அப்பிக்கிடக்கும், அதைக் கழுவவே மனசு வராது. அகத்தியர் சொன்னார் என்று சிவகிரி, சக்திகிரி இரண்டையும் தோளில் தூக்கிவந்தவன் இடும்பன். காவடியே அவனிடமிருந்து வந்ததுதான். படிவழியில் அவன் சன்னதியில் கும்பிட்டுவிட்டுத்தான் முருகனிடம் போக வேண்டும். ரோப் காரில் போனால் அவனை எங்கே பார்ப்பீர்கள்?

மலையடிவாரம்: அண்ணே, பதினோரு வருடம் நடந்ததற்கு ஒரு கும்பிடு. ஆனால் இந்த மலையின் கதையே குறுக்குவழியில்தானே ஆரம்பிக்கிறது? உலகத்தைச் சுற்றிவரச் சொன்னால் அப்பா அம்மாவைச் சுற்றிவந்து பழத்தை வாங்கிக்கொண்டார் பிள்ளையார். நியாயமாகப் பார்த்தால் ரோப் காருக்கு அவர்தான் முன்னோடி :)

தைப்பூசத்துக்காரன்: பழம் ஜெயித்தவருக்கு, மலை யாருக்கு? முழுசாகச் சுற்றிவந்து தோற்றுப்போய், கோபித்துக்கொண்டு கோவணத்தோடு வந்து நின்றாரே, அவருக்குத்தானே பழனி.

மலையடிவாரம்: அவர் சுற்றியது மயில் மேலே உட்கார்ந்து. நடந்தா போனார்?

தைப்பூசத்துக்காரன்: இதற்கு நாளைக்குப் பதில் சொல்கிறேன்.

வெண்பூ: பேச்சு சுவாரசியமாகத்தான் இருக்கிறது, அந்த அம்மாவின் முட்டியைத்தான் இரண்டு பேரும் மறந்துவிட்டீர்கள். படி 693. ஏறும்போது மூச்சுதான் வாங்கும், முட்டியைப் பிடுங்குவது இறங்கும்போது. "ஏறுவது ரோப் காரில், இறங்குவது படியில்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், என் மாமியார் அப்படி இறங்கிவந்து ஒரு வாரம் கட்டிலை விட்டு எழவில்லை. யானைப் பாதை சரிவாக இருக்கும், படிகள் குறைவு, ஆனாலும் தேய்ந்த முட்டிக்கு அதுவும் வேண்டாம்.

ரோப் கார் 2004-இல் வந்தது, மூன்று நிமிடத்தில் மேலே. காற்று பலமாக அடித்தால் நிறுத்திவிடுவார்கள், வருடாந்திரப் பராமரிப்புக்கும் ஒரு மாதம் போல மூடுவார்கள், கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் விஞ்ச் (தண்டவாளத்தில் கம்பியால் இழுத்துப்போகும் வண்டி) இருக்கிறது, எட்டு நிமிடம் ஆகும். வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள், செருப்பில்லாத காலுக்கு மதியக் கல் அடுப்புதான். அப்புறம், பேருந்து நிலையத்திலேயே "வாங்கம்மா, சீக்கிரம் சாமி காட்டறேன்" என்று ஒருவர் வந்து சேர்ந்துகொள்வார், அவர் பின்னால் போகாதீர்கள்.

பெரியப்பாவுக்கு என் பதில் இது: திருமுருகாற்றுப்படையில் படைவீடாகச் சொல்லியிருப்பது திருஆவினன்குடி. அந்தக் கோயில் இருப்பது மலையடிவாரத்தில். மேலே போகுமுன் அங்கே கும்பிடுவதுதான் வழக்கமும்கூட. முட்டி வலிக்காமல் அம்மா படைவீட்டுக்கே போய்விடலாம், பிறகு என்ன கணக்கு?

தைப்பூசத்துக்காரன்: ஆவினன்குடி விஷயத்தில் சகோதரி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முடிகிறவனும் வரிசை குறைவு என்று ரோப் காரைப் பார்த்து ஓடுகிறானே, என் கோபம் அவன் மேல். அந்த அம்மா மேல் இல்லை. தம்பி, உங்களுக்கு முட்டி நன்றாகத்தானே இருக்கிறது?

சண்முகநதி: நன்றாகத்தான் இருக்கிறது, மாட்டிக்கொண்டேன். எல்லாவற்றையும் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். மயில் விஷயத்துக்குச் சிரித்தார். தங்கையோடு அவர் ரோப் காரில் போவதாம், நான் படியேறி இடும்பனிடம் அவருக்கும் சேர்த்துக் கற்பூரம் ஏற்றிவிட்டு வர வேண்டுமாம். 2023 அக்டோபரிலிருந்து மேலே செல்போனுக்குத் தடை, எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். "போகர் சன்னதி வாசலில் உட்கார்ந்திருப்பேன், மெதுவாக வா" என்றார்.