தேக்கா பார்லரில் மூணு நிமிஷப் புருவம்: வால் எங்கே போச்சு?

நூல்கண்டு:
ஞாயிறு சாயங்காலம் சிங்கப்பூர்த் தேக்கா பார்லர் எப்படி இருக்கும்னு இங்க யாருக்கும் சொல்லத் தேவையில்ல. டன்லப் தெருவோ பஃபலோ ரோடோ, எங்க நுழைஞ்சாலும் உட்கார இடம் கிடையாது. த்ரெட்டிங்ல, அதாவது நூலால எடுக்கிறதுல, ஒரு ஜோடி புருவம் மூணு நிமிஷத்துல முடியும். அதுல ஒரு நொடிதான் கண்ணைவிட்டுப் போக மாட்டேங்குது. நாற்காலியில் இருந்த பொண்ணுக்குக் கைபேசி அடிச்சுது, இமையைப் பிடிச்சிருந்த கையை விட்டுட்டா. நூல் அதுக்கப்புறம்தான் நின்னுது. இடது புருவத்தோட வால், காதுப் பக்கம் கடைசி அரை சென்டிமீட்டர், காணோம்.

ரெண்டடிக்குக் கொஞ்சம் கூடுதலா நூல் எடுத்து, ஒரு முனையைப் பல்லில் கடிச்சு, நடுவுல ஆறேழு முறுக்குப் போடுறாங்க. விரலை விரிக்கிறப்போ அந்த முறுக்கு தோல்மேல ஓடி முடியை வேரோட பிடுங்குது. அது கோடு தப்பாம ஓடணும்னா தோல் பறைத்தோல் மாதிரி விறைப்பா இருக்கணும். நாற்காலியில் இருக்கிறவங்களோட ஒரு கை புருவத்துக்கு மேல நெத்தியை மேல இழுக்கணும், இன்னொரு கை மூடின இமையைக் கீழ இழுக்கணும். ஒண்ணு தளர்ந்தா ஒரு வரிசை முடி கூடுதலா மாட்டும், இல்லாட்டித் தோலே மாட்டிக் கீறிடும். வால்ல முடியே கொஞ்சம். ஒரு வரிசை போனாலே வெறுந்தோல். "டைட்டா பிடிங்கம்மா"ன்னு நூல் போட்ட அக்கா ரெண்டு தடவை சொன்னாங்க.

மல்லிச்சரம்:
எல்லாப் பழியையும் பிடிச்ச கைமேல போடாதீங்க. பல புருவங்கள்ல ஓட்டை விழறது நூலால இல்ல, கத்தரியால. த்ரெட்டிங்குக்கு முன்னாடியோ பின்னாடியோ முடியை மேல சீவி, நீட்டிக்கிட்டு இருக்கிறதை வெட்டுவாங்க. அவசரத்துல அதை ஒரே நேர்கோடா வெட்டினா, சீவி இறக்கினதும் முடி வளைஞ்சு விழற இடத்துல எட்டாது. வாலுக்கு முன்னாடி, வில் வளையுற இடத்துலதான் இது அதிகம்.

கண்டுபிடிக்கிறது சுலபம். அந்த இடத்தை விரல் நுனியால வளர்ச்சிக்கு எதிரா தடவிப் பாருங்க. சொரசொரன்னு குத்தினா கத்தரி. கொஞ்ச நாள்ல சரியாகிடும். வழவழன்னு இருந்தா நூல். முழுசா நிரம்ப மூணு நாலு மாசம்கூட ஆகும். அதுவரைக்கும் இன்னொரு பக்கத்தையும் எடுத்துச் சமமாக்கச் சொல்லிடாதீங்க. அப்படித்தான் ரெண்டு புருவமும் குட்டையாகுது. நூலை வாயில் வைக்கிறது பிடிக்கலைன்னா, கழுத்துல கட்டிக்கிட்டுச் செய்யச் சொல்லுங்க, செய்வாங்க.

மஞ்சள்கிண்ணம்:
புருவம் போனா முளைக்கும். உதட்டுக்கு மேல வேக்ஸ் பண்ற விஷயத்தை யாரும் பேச மாட்டேங்கறீங்களே? ஒரு பெண்ணுக்கு வேக்ஸ் பட்டையை இழுத்ததும் அரிசி அளவுக்குத் தோல் உரிஞ்சு, ஈரமா, இளஞ்சிவப்பா மினுங்கிச்சு. கேட்டப்போதான் தெரிஞ்சது, அந்தப் பெண் பருவுக்கு ராத்திரி அடபலீன் ஜெல் போடுறவங்கன்னு.

அடபலீன், ட்ரெட்டினாயின், ரெட்டினால் எல்லாமே தோலோட மேலடுக்குப் பிடிப்பைத் தளர்த்துற மருந்துங்க. வேக்ஸ் முடியை மட்டும் பிடிக்காது, அந்த அடுக்கையும் சேர்த்துத் தூக்கும். ஒரு வாரம் முன்னாடியே ஜெல்லை நிறுத்தணும். கிளைக்காலிக் அமிலம் இருக்கிற சீரமும் அப்படித்தான். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுறவங்க, நிறுத்தி ஆறு மாசம் ஆகிறவரைக்கும் முகத்துல வேக்ஸ் பக்கமே போகக் கூடாது. பார்லர்ல இதைக் கேட்க நேரம் இருக்காது, நாமதான் வாயைத் திறக்கணும்.

உரிஞ்சிட்டா மஞ்சள் வேண்டாம், ஐஸ்கட்டியை நேரா வைக்க வேண்டாம், ஸ்க்ரப் வேண்டவே வேண்டாம். தண்ணியில் கழுவி, பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிசாத் தடவுங்க. பக்கு கட்டினா பிய்க்காதீங்க. நம்ம நிறத்துக்குக் காயம் ஆறினாலும் கரும்புள்ளி வாரக்கணக்கா நிற்கும். சிங்கப்பூர் வெயில் சும்மா விடாது, ஆறினதும் சன்ஸ்கிரீன் கட்டாயம். அதே நாள்ல ப்ளீச்சும் சேர்த்துப் பண்ணச் சொன்னா மறுத்துடுங்க. வேக்ஸ் பண்ணின தோல்மேல ப்ளீச்ல இருக்கிற பெராக்சைடு பட்டா எரிச்சல் தாங்காது.

இன்னொண்ணு. வேக்ஸ் தடவுற குச்சியைப் பாருங்க. ஒருத்தர் தோலைத் தொட்ட குச்சி மறுபடி வேக்ஸ் பானைக்குள்ள போனா, அந்தப் பானையே எல்லாருக்கும் பொது ஆகிடுது. கூட்டம் இருக்கிற கடையில இதைத்தான் முதல்ல பார்க்கணும், விலைப்பலகையை இல்ல.

பகல்ஷிஃப்ட்:
மஞ்சள்கிண்ணம் சொன்னது எல்லாம் சரி, ஆனா பேச்சு புருவத்தைப் பத்தி. கம்மி விலைக்குப் புருவம் எடுக்கிற கடையில வேகம் குறையாது, குறையவும் வேண்டாம். பழகின கை வேகமாத்தான் இருக்கும். நடக்கிற தப்பு நூல் தொடுறதுக்கு முன்னாடியே நடந்திடுது. "ஷேப் பண்ணுங்க"ன்னு சொன்னா, அந்த அக்காவுக்குத் தெரிஞ்ச ஷேப்தான் கிடைக்கும். "மேல தொடாதீங்க, கீழ சுத்தம் மட்டும், வால் நீளம் அப்படியே, கத்தரி வேண்டாம்"னு சொல்லிப் பாருங்க. அஞ்சு நொடிகூட ஆகாது.

வால் எங்க முடியணும்னு சந்தேகம் இருந்தா பென்சிலை மூக்குச் சிறகுல வச்சு, கண்ணோட வெளிமூலை வழியா சாய்ச்சுப் பிடிங்க. அது புருவத்தைத் தொடுற இடத்துல ஒரு புள்ளி வச்சுக்கிட்டுப் போங்க.

தீபாவளிக்கு முந்தின நாள் வேண்டவே வேண்டாம். சிவப்பும் சின்னப் பொரிப்பொரியும் வந்தா அடங்கணும்ல? நாலஞ்சு நாள் முன்னாடி, வார நாள் காலையில கடை திறந்ததும் போங்க. நாற்காலி சாய்ஞ்சிருக்கிறப்போ கைக்கண்ணாடியைக் கொடுப்பாங்க, அப்ப தலையாட்டிடாதீங்க. படுத்திருக்கிறப்போ புருவம் கொஞ்சம் ஏறித் தெரியும். எழுந்து உட்கார்ந்து, பவுடரைத் துடைச்சுட்டு, சுவர்க் கண்ணாடியில நேராப் பார்த்துட்டு அப்புறம் காசு கொடுங்க.

நூல்கண்டு:
மல்லிச்சரம், கத்தரி விஷயம் ஒத்துக்கறேன். ஆனா அன்னைக்குக் கத்தரி மேசையைவிட்டு நகரவே இல்ல. அது நூல்தான்.