செராமிக் மின்னடுப்பில் சார் குவே தியாவ் (வறுத்த அகல அரிசி நூடுல்ஸ்): குழையாமல், நீர் விடாமல் வர என்ன வழி?

பினாங்குப்பசி கேட்டது:

இருப்பது வெளிநாட்டில், அடுக்குமாடி வீடு. செராமிக் மின்னடுப்பு, பெரிய வட்டம் 2 கிலோவாட். வாணலி 28 செ.மீ. நான்ஸ்டிக். ஈரமான குவே தியாவ் ஆசியக் கடைக் குளிர்பெட்டியில் எப்போதாவதுதான் வரும், அதுவும் விறைத்துக் கட்டியாக இருக்கும். மற்றபடி 10 மி.மீ. அகலத்தில் உலர்ந்த அரிசி நூடுல்ஸ்தான்.

இப்போது செய்யும் முறை: பாக்கெட்டில் போட்டிருப்பதுபோல் கொதிநீரில் 8 நிமிடம் வேகவிட்டு வடித்து, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தடவையாகப் புரட்டுவது. இறால், முட்டை, தவ்கே (பயறு முளை) எல்லாம் விழுந்ததும் அடியில் தண்ணீர் தேங்குகிறது. நூடுல்ஸ் விரல் நீளத்துக்கு உடைந்துபோகிறது. கீச்சாப் (கறுப்பு சோயா சாஸ்) ஊற்றினால் கறுப்பும் உப்பும்தான் ஏறுகிறது, கடையில் வரும் அந்தக் கருகல் வாசம் துளிகூட இல்லை. அடுப்பைக் கூட்டினால் புகை அலாரம் அலறுகிறது.

வீட்டில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதில்லை, அதற்கு மாற்றும் சொல்லுங்கள். கெராங் (ஒரு வகைக் கடற்சிப்பி) எப்படிச் சேர்ப்பது என்றும் தெரிய வேண்டும்.

தட்டைக்கரண்டி:

சகோ, உங்கள் பிரச்சினை தண்ணீர். அடுப்பின் பலம் அதற்கு அப்புறம்தான்.

கணக்குப் பாருங்கள். 50 மி.லி. தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 113 கிலோஜூல் வேண்டும். உங்கள் 2 கிலோவாட் அடுப்பு, கொஞ்சம்கூட வீணாகாமல் அவ்வளவையும் சட்டிக்குக் கொடுத்தாலே அதற்கு ஒரு நிமிடம் ஆகும். நிஜத்தில் பாதி வெளியே போய்விடும், ஆக இரண்டு நிமிடம். வெந்து வடித்த நூடுல்ஸில் ஒட்டியிருக்கும் நீர், கழுவிய தவ்கே, உறைந்து கரைந்த இறால் மூன்றும் சேர்ந்தால் 50 மி.லி. சுலபமாகத் தாண்டும். அந்த இரண்டு நிமிடமும் சட்டியின் சூடு 100 டிகிரியிலேயே நின்றுவிடும். அதுவரை நடப்பது வறுவல் இல்லை, அவியல்.

அதனால் ஒரு தடவைக்கு ஒரே தட்டு, ஊறிய நூடுல்ஸ் 200 கிராம். இரண்டாவது ஆள் நான்கு நிமிடம் காத்திருக்கட்டும், கடையிலும் அப்படித்தான்.

நான்ஸ்டிக்கை எடுத்து வையுங்கள். அந்தப் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதைய ஆரம்பிக்கும், அதில் சட்டியைக் காயவிடவே முடியாது. அடி தட்டையான கார்பன் ஸ்டீல் வாணலி, அல்லது 26–28 செ.மீ. வார்ப்பிரும்புச் சட்டி வாங்குங்கள். உருண்டை அடி வாணலி செராமிக்கில் ஒரு ரூபாய் அகலம்தான் தொடும், பிரயோசனமில்லை. கண்ணாடிக்கு அடியில் சிவப்பு விட்டு விட்டு அணைவதைக் கவனித்திருப்பீர்கள். கண்ணாடி அளவுக்கு மீறிச் சூடானால் உள்ளே இருக்கும் கட்டுப்பாடு மின்சாரத்தை நிறுத்திவிடும். அடி நெளிந்த சட்டியில் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் சூடு சட்டிக்கு ஏறாமல் கண்ணாடியிலேயே தங்குகிறது. சட்டியைத் தூக்கித் தூக்கிப் போடுவதும் வேண்டாம். சட்டி அங்கேயே உட்கார்ந்திருக்கட்டும், கரண்டி மட்டும் வேலை செய்யட்டும்.

வரிசை இப்படி. எல்லாவற்றையும் கிண்ணத்தில் எடுத்து வைத்த பிறகுதான் அடுப்பைத் தொட வேண்டும்.

வார்ப்பிரும்பை எண்ணெய் இல்லாமல் 8 நிமிடம், கார்பன் ஸ்டீலை 4 நிமிடம் காயவிடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது சுண்டாமல் முத்தாக ஓட வேண்டும். அரை மேசைக்கரண்டி எண்ணெய், துடைத்து உலர்த்திய இறால் 6, நாற்பது விநாடி, எடுத்து விடுங்கள். மறுபடி ஒரு நிமிடம் காயவிட்டு ஒன்றரை மேசைக்கரண்டி கொழுப்பு, நறுக்கிய பூண்டு 2 பல், ஐந்து எண்ணுவதற்குள் நூடுல்ஸ். பரப்பிவிட்டு 30–40 விநாடி கை வைக்காதீர்கள். கை துறுதுறுக்கும், ஆனால் கருகல் புள்ளி விழுவது அந்த அரை நிமிடத்தில்தான். அடியிலிருந்து மடித்துத் திருப்பி, சாஸை நூடுல்ஸ் தலையில் ஊற்றாமல் சட்டியின் காலியான ஓரத்தில் சுற்றி ஊற்றுங்கள். அது சீறிக் கருகிய பிறகு புரட்டுங்கள்.

பிறகு நூடுல்ஸை ஒரு பக்கம் ஒதுக்கி, அரை மேசைக்கரண்டி கொழுப்பு, ஒரு முட்டை. மஞ்சளை லேசாகக் கீறி, நூடுல்ஸால் மூடி 15 விநாடி விட்டுத் திருப்புங்கள். முட்டை துண்டு துண்டாக நிற்கும். உடனே கிளறினால் எல்லா நூடுல்ஸிலும் பூசி ஈரமாகிவிடும். கடைசியாக மிளகாய் விழுது, இறால், 80 கிராம் தவ்கே, 5 செ.மீ. நீளத்தில் வெட்டிய கூச்சாய் (பூண்டு வாசமுள்ள தட்டைக் கீரைத்தாள்) ஒரு பிடி. இருபது விநாடி, இறக்குங்கள். தவ்கே பெரும்பாலும் தண்ணீர்தான், அரை நிமிடம் தாண்டினால் உள்ளே இருப்பதைக் கொட்டிவிடும்.

கூச்சாய்:

நூடுல்ஸ் உடைவதைப் பற்றி. பாக்கெட்டில் போட்ட 8 நிமிடம் சூப்புக்கு. வறுவலுக்கு அது அதிகம்.

உலர்ந்த நூடுல்ஸ் ஒரு தட்டுக்கு 100 கிராம், ஊறினால் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். சாதாரண குளிர்ந்த நீரில் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். விரலில் சுற்றினால் சுற்ற வேண்டும், நகத்தால் வெட்டினால் நடுவில் வெள்ளைக் கோடு தெரிய வேண்டும். தாய்லாந்துப் பட் தாய் செய்பவர்கள் இந்த நிலையிலேயே சட்டியில் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நீர் விட்டு வேகவைப்பார்கள். உங்கள் அடுப்பில் அந்த வேலை வேண்டாம், மறுபடி தண்ணீரில்தான் போய் நிற்கும். ஊறியதைக் கொதிநீரில் 20–30 விநாடி மட்டும் முக்கி எடுத்து, குளிர்ந்த நீரில் அலசி, ஒரு தேக்கரண்டி எண்ணெய் பிசறி, அகலமான தட்டில் துணி மேல் 20 நிமிடம் பரப்புங்கள். தொட்டால் வழுக்க வேண்டும், விரலில் ஈரம் ஒட்டக்கூடாது.

குளிர்பெட்டியில் இருக்கும் ஈர நூடுல்ஸ் கிடைத்தால் விடாதீர்கள், வாங்கிவிடுங்கள். குளிரில் அரிசி மாவுச்சத்து இறுகிவிடுவதால்தான் அது விறைக்கிறது, கெட்டுப்போனதால் இல்லை. அந்த நிலையில் பிரித்தால் பொடியாகும். கட்டியாகவே ஈரத் துணி மூடி மைக்ரோவேவில் ஒரு நிமிடம், தேவைப்பட்டால் இன்னும் அரை நிமிடம். சூடு ஏறினதும் தானாக நெகிழும், எண்ணெய் தொட்ட கையால் இதழ் இதழாகப் பிரித்துக்கொள்ளலாம். தண்ணீரில் அலச வேண்டாம்.

வீட்டிலேயே செய்ய ஆசையிருந்தால்: அரிசி மாவு 120 கிராம், மரவள்ளி மாவு 30, சோள மாவு (கார்ன்ஃப்ளோர்) 30, தண்ணீர் 400 மி.லி., உப்பு ஒரு சிட்டிகை, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. அரை மணி ஊறவிட்டு, எண்ணெய் தடவிய தட்டில் 2 மி.மீ. கனத்துக்கு ஊற்றி நன்றாக ஆவி வரும் பாத்திரத்தில் 4 நிமிடம். ஒவ்வொரு தடவை ஊற்றும் முன்பும் மாவைக் கலக்குங்கள், அடியில் தங்கிவிடும். பசை அரிசி மாவு எடுத்துவிடாதீர்கள்.

வெள்ளைமிளகு:

கறுப்பும் உப்பும் வருவது பாட்டிலால். மலேசியக் கெட்டிக் கீச்சாப் கேரமல் மாதிரி இழுபடும், இனிப்பு உண்டு. வெளிநாட்டுக் கடைகளில் 'டார்க் சோயா' என்று இருப்பது பெரும்பாலும் சீன வகை, நீர்த்தும் உப்பாகவும் இருக்கும். ஒரு தேக்கரண்டி டார்க் சோயாவுக்குக் கால் தேக்கரண்டி மொலாஸஸ் (கறுப்புக் கரும்புப் பாகு) கலந்தால் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். இந்தோனேசியக் கீச்சாப் மானிஸை (இனிப்பு சோயா சாஸ்) அதே அளவு ஊற்றாதீர்கள், தித்தித்துவிடும்.

பினாங்கு முறை வெளிர் நிறம். சிங்கப்பூரில்தான் கறுப்பாகவும் இனிப்பாகவும் செய்வார்கள், மஞ்சள் மீயும் (கோதுமை நூடுல்ஸ்) கலப்பார்கள். உங்கள் பெயரைப் பார்த்தால் உங்களுக்கு வேண்டியது முதலாவது. ஒரு தட்டுக்கு: வெளிர் சோயா ஒரு மேசைக்கரண்டி, கெட்டிக் கீச்சாப் அரை தேக்கரண்டி, மீன் சாஸ் அரை தேக்கரண்டி, சர்க்கரை அரை தேக்கரண்டி, வெள்ளை மிளகு தாராளமாக. முன்கூட்டியே கலந்து வைத்தால்தான் ஓரத்தில் ஒரே வீச்சில் ஊற்ற முடியும்.

மிளகாய் விழுது: காய்ந்த மிளகாய் 30 கிராம், விதை தட்டிவிட்டு வெந்நீரில் அரை மணி, குறைந்த நீரில் அரைத்து, 60 மி.லி. எண்ணெயில் சிறு தீயில் எண்ணெய் பிரியும் வரை. இருபது நிமிடம்கூட ஆகலாம். பச்சை விழுதை நேராகச் சட்டியில் போட்டால் காரமும் நெடியும்தான், கூடவே தண்ணீர். பெலாச்சான் (புளித்த இறால் விழுது) சேர்ப்பதானால் ஒரு தேக்கரண்டி, அலுமினியத் தாளில் பொதிந்து 180 டிகிரி ஓவனில் 10 நிமிடம். திறந்த சட்டியில் வறுத்தால் அலாரத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிடுவார்.

கொழுப்புக்கு: கோழித்தோல் 200 கிராம், 50 மி.லி. தண்ணீர், சிறு தீயில் 40 நிமிடம். தண்ணீர் வற்றி, கொழுப்பு தெளிந்து, தோல் பொன்னிறமாக மொறுமொறுக்கும். வடித்துக்கொள்ளுங்கள், மொறுகலைப் பரிமாறும்போது மேலே தூவுங்கள். இதையும் சுத்திகரித்த கடலை எண்ணெயையும் பாதிப்பாதி கலந்தால் புகையும் குறையும். மாட்டுக்கொழுப்பு வேண்டாம், தட்டு ஆறியதும் உதட்டில் மெழுகாக ஒட்டும்.

பினாங்குப்பசி:

நன்றி, எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன். கருகல் வாசத்துக்கு பியூட்டேன் டார்ச் (கையடக்க வாயுத் தீக்குழல்) அடிக்கலாம் என்கிறார்களே, சரிதானா? கெராங்கையும் யாராவது சொல்லுங்கள்.

தட்டைக்கரண்டி:

டார்ச் வேலை செய்யும். அந்த வாசத்தில் ஒரு பகுதி, எண்ணெய்த் திவலைகள் காற்றில் தீப்பிடிப்பதால் வருவது. மின்னடுப்பில் தீ இல்லை, அதை டார்ச் தருகிறது. சாஸ் ஊற்றுவதற்கு முன், இரும்புச் சட்டியில், ஒரு சாண் உயரத்திலிருந்து ஐந்தாறு விநாடி வீச்சு, புரட்டிவிட்டு இன்னொரு வீச்சு. நீலத் தீ மட்டும். மஞ்சள் நுனி பட்டால் எரியாத வாயு வாடை உணவில் ஏறும்.

வெள்ளைமிளகு:

எனக்கு இதில் உடன்பாடில்லை. அலாரம் உள்ள சின்னச் சமையலறையில், மேலே விசிறியின் எண்ணெய் படிந்த வடிகட்டி, கீழே டார்ச். வாடகை வீட்டில் வாயுக்குப்பி வைக்கலாமா என்பதே கேள்வி. சாஸை ஓரத்தில் கருகவிட்டால் முக்கால்வாசி வாசம் வந்துவிடும், மீதி கால்வாசிக்காக வீட்டைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. சட்டி காய ஆரம்பிக்கும் முன்பே விசிறியைப் போட்டு, சன்னலைத் திறந்து, அறைக்கதவைச் சாத்துங்கள். அலாரத்தை மட்டும் மூடி வைக்காதீர்கள்.

கூச்சாய்:

கெராங்: உறைந்த, முன்பே வேகவைத்த சதை கிடைத்தால் அதையே வாங்குங்கள். கடையில் பாதி வேக்காட்டில் ரத்தம் கசியத் தருவது ருசிதான், ஆனால் எந்தக் கடல்நீரில் வளர்ந்தது என்று தெரியாத சிப்பியில் அதைச் செய்யாதீர்கள். 1988இல் ஷாங்காய் நகரில் இதே குடும்பத்தைச் சேர்ந்த சிப்பியை அரைவேக்காட்டில் சாப்பிட்டதால் ஏறக்குறைய 3 லட்சம் பேருக்கு ஹெபடைட்டிஸ் ஏ (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோய்) வந்தது. உட்சூடு 90 டிகிரியில் 90 விநாடி இருந்தால்தான் அந்தக் கிருமிக்கு உத்தரவாதமான முடிவு. அவ்வளவு வெந்தால் சதை ரப்பராகும், ஆகவே தட்டுக்கு எட்டுப் பத்துக்கு மேல் போடாதீர்கள். தனியாக வேகவைத்துப் பிழிந்து உலர்த்தி, தவ்கேயோடு கடைசியில் சேருங்கள்.

வெள்ளைமிளகு:

இன்னொன்று. அடுப்பு இவ்வளவு மந்தமாக இருந்தால் மீ கோரெங் மாமாக்கில் (தமிழ் முஸ்லிம் கடைகளின் வறுத்த மஞ்சள் நூடுல்ஸ்) ஆரம்பிப்பது புத்திசாலித்தனம். அதில் தக்காளி சாஸ், மசித்த உருளைக்கிழங்கு, எலுமிச்சை எல்லாம் உண்டு, கொஞ்சம் ஈரம் இருந்தாலும் உருளைக்கிழங்கு இழுத்துக்கொள்ளும். ஒரு தட்டுக்கு மேலே சொன்ன மிளகாய் விழுது ஒரு மேசைக்கரண்டி, தக்காளி சாஸ் ஒன்றரை, வெளிர் சோயா இரண்டு தேக்கரண்டி, கெட்டிக் கீச்சாப் ஒன்று, சர்க்கரை ஒன்று, வெந்த உருளைக்கிழங்கு பாதி, பொரித்த தவ்ஹு (டோஃபு) நாலு துண்டு. மஞ்சள் மீ கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் கொதிநீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா போட்டு ஸ்பாகெட்டியை வேகவையுங்கள். நுரை பொங்கும், ஆழமான பாத்திரம் எடுங்கள். வெந்ததும் நன்றாக அலசாவிட்டால் சோப்பு வாடை நிற்கும்.