சிக்மா 56 எஃப்1.4: கல்யாண மண்டபத்துக்குள் எப்படி இருக்கிறது?

சோனி ஏ6400 கேமரா வைத்திருப்பவர், அதோடு வரும் கிட் லென்ஸுக்கு அடுத்து என்ன வாங்கலாம் என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் சிக்மா 56 மி.மீ. எஃப்1.4. (எஃப் எண் லென்ஸின் திறப்பைச் சொல்வது: எண் சிறிதானால் திறப்பு பெரிது, வெளிச்சம் அதிகம்.) 2018-இல் வந்த லென்ஸ், 280 கிராம். கல்யாணம், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, குழந்தையின் முதல் பிறந்தநாள் என்று எல்லாவற்றுக்கும் இதைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வீடியோ விமர்சனங்களில் ஒரு பெண்ணைப் பூங்காவில் நிற்கவைத்து, எஃப்1.4-இல் எடுத்து, பின்னணி எப்படிக் கரைகிறது பாருங்கள் என்று காட்டி முடித்துவிடுகிறார்கள். நம் பிழைப்பு மேடையில். அதனால் மண்டபக் கதையை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் தூரம். ஏ6400-இல் இருக்கும் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் 56 என்பது பெரிய ஃபுல் பிரேம் சென்சாரில் 84 மி.மீ. மாதிரி. ஒருவரை இடுப்புவரை எடுக்க இரண்டரை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். தலை முதல் கால்வரை என்றால் ஏறக்குறைய நாலரை மீட்டர். சாதாரண மண்டப மேடையில் இது இழுத்துப்பிடித்துச் சமாளிக்கிற தூரம். "பின்னாடி ஃபுல் பிரேம் வாங்கும்போது உதவுமே" என்று இதே கேமராவுக்கு 85 வாங்குகிறவர்கள் உண்டு. அதில் முழு உருவத்துக்கு ஆறரை மீட்டர் வேண்டும். மேடையை விட்டு இறங்கி, முதல் வரிசை நாற்காலிகளுக்கு நடுவே நின்றுதான் எடுக்க முடியும். அப்போது வீடியோக்காரர் குறுக்கே வருவார், ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு ஒரு பையன் வருவான். என்றைக்கோ வாங்கப்போகிற கேமராவுக்காக இன்றைக்கு லென்ஸ் வாங்காதீர்கள்.

அடுத்தது எஃப்1.4. இந்த எண்ணுக்குத்தான் காசு கொடுக்கிறோம், ஆனால் கல்யாணத்தில் இதைத்தான் குறைவாகப் பயன்படுத்துகிறேன். ஒன்றரை மீட்டர் தூரத்தில் எஃப்1.4-இல் போகஸ் ஆழம் (முன்னும் பின்னும் கூர்மையாகத் தெரியும் தூரம்) மொத்தமே சுமார் 4 செ.மீ. கண்ணில் பிடித்தால் காது மங்கிவிடும். காது மங்கினால் ஜிமிக்கி போச்சு. "ஏன் தம்பி, ரெண்டு பவுன் ஜிமிக்கி, இதுல காணவே காணோமே?" என்று பெண்ணின் பெரியம்மா கேட்டால் பொக்கே (கரைந்த பின்னணி) அழகைப் பற்றி அவரிடம் பேச முடியாது. நெற்றிச்சுட்டி, மூக்குத்தி, மாட்டல், கழுத்தில் ஆரம், அதற்குக் கீழே ஒட்டியாணம் என்று நம் ஊர் மணப்பெண் முன்னும் பின்னுமாகப் பல தளங்களில் அலங்கரிக்கப்பட்டவள். இடுப்பளவுப் படத்தை இரண்டரை மீட்டரிலிருந்து எஃப்2.8-இல் எடுத்தால் ஆழம் 20 செ.மீ.-க்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். முகம், ஜிமிக்கி, ஆரம் மூன்றும் தெரியும், பின்னால் இருக்கும் பூ அலங்காரமும் போதுமான அளவு மென்மையாகும். மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து நின்றால் எஃப்4. இருவரில் ஒருவர் முகம் மங்கலாக இருக்கும் படத்தை எந்த வீட்டிலும் பிரேம் போட்டு மாட்டமாட்டார்கள்.

அப்படியானால் விலை குறைந்த எஃப்2.8 லென்ஸே போதாதா என்று கேட்கலாம். போதாது. இந்த லென்ஸை எஃப்2.8-க்குச் சுருக்கும்போது ஓரம் வரைக்கும் கூர்மை வந்துவிடுகிறது. வேகமான (திறப்பு பெரிய) லென்ஸ்களில் முழுத் திறப்பில், ஜரிகையிலும் கல் நகையிலும் ஊதா, பச்சை விளிம்பு எட்டிப்பார்ப்பது வழக்கம். சுருக்கினால் அதுவும் அடங்கிவிடும். பட்டுப்புடவையை லென்ஸ் பரிசோதனை அட்டையாகவே பயன்படுத்தலாம், அவ்வளவு நுணுக்கம் அதில் இருக்கிறது. தவிர, எஃப்1.4 கையிருப்பில் இருப்பதே ஒரு தைரியம்தான். இரவு வீட்டில் குழல்விளக்கு வெளிச்சத்தில் நலங்கு நடக்கும்போது, ஃபிளாஷ் போட்டு அந்த இடத்தின் மனநிலையைக் கெடுக்காமல் எடுக்க அதுதான் வழி. தாலி கட்டும் நேரத்தில் பின்னால் உயர்ந்து நிற்கும் செல்போன் காட்டை எஃப்2 ஓரளவு மறைத்துவிடும்.

எல்இடி விளக்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மட்டமான விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டரை 1/100 நொடியில் வைத்தால் பட்டை பட்டையாக வருவது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஆனால் இந்த லென்ஸில் ஆட்டம் தடுக்கும் வசதி கிடையாது, ஏ6400 பாடியிலும் கிடையாது. 84 மி.மீ. கோணத்துக்கு 1/100 என்பது கை நடுங்காதவருக்கு மட்டும் போதும். மேடைக்குப் பின்னால் வைக்கும் எல்இடி திரை வேறு கதை, அதன் துடிப்புக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மெக்கானிக்கல் ஷட்டரிலேயே இருங்கள். சத்தமில்லாத ஷட்டரில் திரை கோடு கோடாக வரும்.

வெளியே பகல் வெயிலில் ஜோடியை எடுக்கும்போது எஃப்1.4-க்கு ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 100-இலும் 1/12,800 நொடி மாதிரி ஒரு வேகம் வேண்டும். ஏ6400-இன் மெக்கானிக்கல் ஷட்டர் 1/4000-உடன் நின்றுவிடும். வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி8 பில்டர் ஒன்று வாங்கி வையுங்கள், 55 மி.மீ. அளவு. இல்லையென்றால் எஃப்2.8-க்குப் போய்விடுங்கள்.

திறப்பை மாற்றும் அப்பர்ச்சர் வளையம், போகஸ் தானாகவா கையாலா என்று மாற்றும் ஏஎஃப்-எம்எஃப் பொத்தான் எதுவும் லென்ஸில் இல்லை. எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. கண் தேடும் ஆட்டோஃபோகஸ் சோனி லென்ஸ் மாட்டியது போலவே வேலை செய்கிறது. இது தற்செயல் கிடையாது: சோனியிடம் உரிமம் பெற்று, இ-மவுன்ட் (சோனி கேமராவில் லென்ஸ் மாட்டும் வளையம்) விவரங்களின்படி செய்த லென்ஸ் இது. மலிவு லென்ஸை எடைபோடும்போது கூர்மைப் படங்களைவிட இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். கொஞ்சம் மென்மையான படத்தை ஆல்பத்தில் போடலாம். போகஸ் காதுக்குப் போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

---

பதில் (கோவை, ஃபூஜி எக்ஸ்-டி30)

அண்ணே, ஜிமிக்கி கணக்கு சூப்பர். நான் மலிவின் இன்னொரு முனையிலிருந்து வருகிறேன். சிக்மா விலையில் பாதிகூட ஆகாத ஒரு 56 வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம், ஏனென்றால் அதற்கு மாற்றாக வந்த லென்ஸ் தங்கமாக இருக்கிறது. முதலில் வந்ததில் வலப்பக்கம் மட்டும் எப்போதும் மங்கல். நடுவில் கண் கூர்மையாக இருந்ததால் போர்ட்ரெய்ட்டில் தெரியவே இல்லை. ஒரு குடும்பப் படத்தில்தான் வலது ஓரம் நின்ற சித்தப்பா மட்டும் பனிமூட்டத்துக்குள் நின்றார்.

உள்ளே ஒரு கண்ணாடி மையம் விலகியிருந்தால் இப்படி ஆகும். விலை குறைந்த லென்ஸில் பணம் மிச்சமாவது பெரும்பாலும் இந்தச் சரிபார்ப்பில்தான் என்பது என் ஊகம். அதனால் பெட்டியைப் பிரித்த அன்றைக்கே முக்காலியில் வைத்து, தூரத்துத் தண்ணீர்த் தொட்டியையோ கோபுரத்தையோ பிரேமின் நாலு மூலையிலும் மாற்றி மாற்றி வைத்து, முழுத் திறப்பில் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் அந்த மூலையிலேயே போகஸ் செய்யுங்கள். நாலும் ஒரே மாதிரி மென்மையாக இருந்தால் அது லென்ஸின் சுபாவம். ஒன்று மட்டும் தனியாக மங்கினால் திருப்பி அனுப்புங்கள். செங்கல் சுவரை எடுக்கச் சொல்வார்கள், ஆனால் கேமரா கொஞ்சம் சாய்ந்து நின்றாலும் லென்ஸ் மேல் பழி விழும்.

இன்னொன்று, இந்த மாதிரி லென்ஸ்கள் பலவற்றில் மவுன்ட்டிலேயே யுஎஸ்பி துளை இருக்கும். ஃபர்ம்வேர் (லென்ஸுக்குள் இருக்கும் மென்பொருள்) ஏற்றுவதற்கு அதுதான் வழி. கேமராவுக்கு அப்டேட் போடும் முன், உங்கள் லென்ஸுக்கும் அப்டேட் வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். முகூர்த்தத்துக்கு முதல் நாள் இரவு எதற்கும் அப்டேட் போட வேண்டாம்.

---

பதில் (திருச்சி, குழந்தைகள் படம்)

நான் அதே ஏ6400-இல் சோனியின் 50 மி.மீ. எஃப்1.8 ஓஎஸ்எஸ் வைத்திருக்கிறேன். ஓஎஸ்எஸ் என்றால் ஆட்டம் தடுக்கும் வசதி, 202 கிராம்தான். 39 செ.மீ. வரை நெருங்கலாம், சிக்மாவில் 50 செ.மீ. தூங்கும் குழந்தைக்கு என் லென்ஸ் அருமை. எழுந்து ஓடும் குழந்தைக்கு ஓஎஸ்எஸ் ஒன்றுமே செய்யாது அண்ணா, ஏனென்றால் ஆடுவது என் கை இல்லை. 1/500 வைக்க வேண்டும், அதற்கு வெளிச்சம் வேண்டும், அப்போதுதான் உங்கள் எஃப்1.4 மேல் பொறாமை வருகிறது.

ஒரு சந்தேகம். மோதிரம், மருதாணி எல்லாம் இதில் எடுக்க முடியுமா?

---

பதில் (சென்னை, கேனான் ஆர்10)

கேனான்காரர்களான நாங்கள் ரொம்ப நாள் வெளியே நின்று வேடிக்கை பார்த்தவர்கள். எங்கள் ஆர்எஃப் மவுன்ட்டில் சிக்மாவும் டாம்ரானும் ஏபிஎஸ்-சி லென்ஸ் கொண்டுவரப் போவதாக 2024 ஏப்ரலில்தான் அறிவிப்பே வந்தது. இப்போது இந்த 56 எங்களுக்கும் கிடைக்கிறது. எங்கள் சென்சார் கொஞ்சம் சிறியது, ஃபுல் பிரேம் கணக்குக்கு 1.6-ஆல் பெருக்க வேண்டும், அதனால் இது 90 மி.மீ. மாதிரி ஆகிவிடும். மேடையில் நீங்கள் சொன்னதைவிட இன்னும் ஓர் அடி பின்னால் போக வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கடற்கரைப் பக்கம் இருப்பதால் எனக்குப் பூஞ்சை பயம் அதிகம். பழைய லென்ஸ் வாங்கலாம் என்றிருக்கிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

---

திருச்சித் தங்கைக்கு: மருதாணிக் கை முழுவதும் வரும். ஆக நெருக்கத்தில் பிரேமின் அகலம் சுமார் 17 செ.மீ., கை அதில் நிறைந்துவிடும். மோதிரம் மட்டும் என்றால் சின்னதாகத்தான் தெரியும், வெட்டிப் பெரிதாக்க வேண்டும். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும், ஏஎஃப் வேலை செய்யும் நீட்டிப்புக் குழாய் ஒன்று வாங்கினால் போதும், அதற்காகத் தனி மேக்ரோ லென்ஸ் வேண்டாம்.

சென்னை நண்பருக்கு: செல்போன் டார்ச்சை லென்ஸின் பின்பக்கமிருந்து அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். தூசி ரெண்டு மூன்று எல்லா லென்ஸிலும் இருக்கும், விட்டுவிடலாம். சிலந்தி நூல் மாதிரிக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை, விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். பில்டர் திருகும் விளிம்பு நசுங்கியிருந்தால் கீழே விழுந்த லென்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் உங்கள் கேமராவை எடுத்துப்போய் மாட்டி, கோவைத் தம்பி சொன்ன நாலு மூலைப் பரிசோதனையைக் கடை வாசலிலேயே செய்துவிடுங்கள். அதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம்.

வாங்கியபின் மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். முள் 40-க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவே நின்றால் போதும். ஜெல் நிறம் மாறியதும் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம். சமையலுக்கு இல்லாத வாணலியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.