ரத்தசோகைக்கான இரும்பு மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்கள் உண்டா?

என் கதை இது. இரண்டு வருடம் முன்பு ஹீமோகுளோபின் 7.4. அரிசி களையும்போதெல்லாம் ஒரு பிடி பச்சரிசி வாய்க்குள் போய்விடும். "வயித்துல பூச்சி இருக்கும்மா" என்றார் மாமியார். மாடி ஏறினால் நெஞ்சு அடிப்பது காதில் கேட்கும். மாதவிடாய் எட்டு நாள் நீடிப்பதை நான் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொண்டதில்லை.

மூன்று மாதம் பேரீச்சம்பழமும் பீட்ரூட்டும். ஏறியது 7.6. டாக்டரம்மா சிரித்தார். சாப்பாட்டிலிருந்து குடல் ஒரு நாளைக்கு உறிஞ்சுவதே 1, 2 மில்லிகிராம் இரும்புதானாம். எலும்பு மஜ்ஜைக்கோ சிவப்பணு செய்யத் தினம் 20 மில்லிகிராமுக்கு மேல் வேண்டும். மீதி எங்கிருந்து? சுமார் 120 நாள் ஓடிக் களைத்த பழைய அணுக்களை மண்ணீரலில் உடைத்து, அந்த இரும்பையே உடம்பு திரும்ப எடுத்துக்கொள்கிறது. பழைய நகையை உருக்கிப் புது நகை செய்கிற மாதிரி. மாதாமாதம் வெளியே போகிற ரத்தம், உருக்கக் கைக்கு வராத நகை.

மாத்திரையில் இரண்டே மாதத்தில் 11.8. மலச்சிக்கல் தாங்காமல் நானே நிறுத்திவிட்டேன். நாலு மாதத்தில் மறுபடி 9. உடம்பில் இரும்பு இருப்பு எவ்வளவு என்று காட்டும் ஃபெரிட்டின் பார்த்தால் வெறும் 6! வந்த இரும்பையெல்லாம் மஜ்ஜை அன்றாடச் செலவுக்கே எடுத்துக்கொண்டிருக்கிறது. குதிரில் ஒரு படி நெல்கூட விழவில்லை. ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் போட்டிருக்க வேண்டுமாம்.

---

நான் லேப் டெக்னீஷியன். இரும்பு இல்லாத ரத்தத்தை ஸ்லைடில் பார்த்தால் அணுக்கள் சின்னதாக, நடுவில் வெளுத்து, மெல்லிய வளையல் மாதிரி இருக்கும். மஜ்ஜை சும்மா இருப்பதில்லை. உள்ளே போட ஹீமோகுளோபின் போதாமல் பாதி காலியாக அனுப்புகிறது. மாத்திரை தொடங்கி ஒரு வாரம், பத்து நாளில் இளம் அணுக்கள் கூட்டமாக வரும். கொஞ்சம் பெரிதாக, லேசான நீலச் சாயலோடு. ஹீமோகுளோபின் எண் ஏறுவதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

---

எங்கள் அப்பா கதை வேறு. சிறுநீரகம் பழுது, ஹீமோகுளோபின் 8, ஆனால் ஃபெரிட்டின் 300க்கு மேல். இருப்பு இருந்தும் சோகையா என்று குழம்பினோம். அணு செய்யச் சொல்லி மஜ்ஜைக்குச் சேதி அனுப்பும் எரித்ரோபாய்ட்டின் சிறுநீரகத்தில்தான் பெரும்பாலும் உருவாகிறதாம், அது குறைந்துவிட்டது. போதாததற்கு, கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் கூடிப்போய், இருக்கிற இரும்பையும் வெளியே விடாமல் பூட்டிவைத்திருக்கிறது. எரித்ரோபாய்ட்டின் ஊசியும், நரம்பில் இரும்பும் ஏற்றிய பிறகுதான் 10.5 வந்தது. அதனால் ரத்தம் கம்மி என்றதும் கடையில் டானிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். நாங்கள் அதில் ஐந்து மாதம் வீணடித்தோம்.

---

மாத்திரையைக் காபியோடு போட்டவள் நான்! டீ, காபி இரண்டுமே இரும்பை உறிஞ்சவிடாது என்று யாரும் சொல்லவில்லை. இப்போது எலுமிச்சைச் சாறோடு, ஒருநாள் விட்டு ஒருநாள். தினமும் போட்டால் அந்த ஹெப்சிடின் ஏறி அடுத்த மாத்திரையைத் தடுக்குமாம், டாக்டரே மாற்றிக் கொடுத்தார். வயிறும் தொந்தரவு இல்லை. அக்கா, அந்தப் பச்சரிசி ஆசை எப்போது போனது?

---

இரண்டாவது வாரமே போய்விட்டதும்மா. ஒருநாள் உலையில் அரிசியைப் போட்டு மூடிய பிறகுதான், இன்று வாயில் போடவே இல்லையே என்று உறைத்தது.