அரசவையில் கண்ட ஒரு காட்சி: உங்கள் அனுபவம் என்ன?

வெண்கொடி:
எஸ்சிஏ (சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம்) என்பது பழங்கால உடை, வாள்போர், விருந்து, அரசவை எல்லாவற்றையும் மீண்டும் வாழ்ந்து பார்ப்பவர்களின் அமைப்பு; வட்டாரங்களை ராஜ்ஜியங்கள் என்பார்கள், ஒவ்வொன்றுக்கும் ராஜாவும் ராணியும் உண்டு. மேற்குப் பென்சில்வேனியாவில் ஆகஸ்டில் நடக்கும் பென்சிக் போர் முகாம். மாலை அரசவையில் கட்டியக்காரர் குழந்தைகள் எல்லோரையும் முன்னே வரச் சொன்னார். என் மகளும் பட்டுப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். ராணி ஒரு மரப்பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த பொம்மைகளைக் காட்டினார். பிறகு மூடி, அருகில் நின்ற வெள்ளைக் கச்சை வீரரிடம் கொடுத்தார். அவர் பெட்டியோடு ஓட்டம் பிடித்தார்! கழுத்துச் சங்கிலி குலுங்க அவர் முன்னால், ஊரே அதிரும் கூச்சலோடு குழந்தைகள் பின்னால். புல்வெளியில் மடக்கிவிட்டார்கள். மகளுக்கு மர வாத்து ஒன்றை நீட்டியபோது, மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு முழங்காலை ஊன்றி, “தோற்றேன், அம்மணி” என்றார். அவர் யார் என்று இன்றும் கேட்கிறாள். இந்த வழக்கம் எல்லா ராஜ்ஜியங்களிலும் உண்டா?

நெய்தல்:
லோகாக்கில் நான் பார்த்ததில்லை. (ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் எங்கள் ராஜ்ஜியம்.) என் மனதில் நிற்பது வேறு. ஈஸ்டர் சமயத்து ரோவனி திருவிழா. ராஜாவும் ராணியும் எங்கோ போயிருந்தார்கள், அரியணைகள் காலி. இரண்டு கைகளிலும் தட்டு ஏந்தி வந்த ஒரு பெண்மணி, அவற்றைக் கடக்கும்போது நின்று, குழம்பு தளும்பாமல் முழங்காலை மடக்கி வணங்கிவிட்டுப் போனார். பாதுகையை வைத்து நாடாண்ட பரதன்தான் நினைவுக்கு வந்தான். அரியணைக்கு அத்தனை மரியாதை!

கல்லணை:
அரியணைக்கு என்று நெய்தல் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். என்னுடைய ராஜ்ஜியத்தில் ஆறு மாதத்தில் ராஜா இறங்கிவிடுவார். மரியாதை, மகுடம் கைக்கு வரும் விதத்துக்கு. அடுத்த ராஜாவைத் தேர்ந்தெடுக்கும் மகுடப் போட்டியின் இறுதிச் சுற்றைப் பார்த்திருக்கிறீர்களா? பிரம்பு வாள்தான், ஆனால் அடி பலம். பட்டதா இல்லையா என்று நடுவர் சொல்வதில்லை, அடி வாங்கியவரே சொல்ல வேண்டும். நான் பார்த்த போட்டியில் தலைக்கவசத்தில் ஓர் அடி உரசியது போல்தான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த வீரர் ஒரு கணம் நின்றார். “நல்ல அடி” என்று சொல்லி மண்ணில் சாய்ந்தார். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் மகுடம் அவருக்கே வந்திருக்கலாம். யாருக்காகப் போரிட்டாரோ அந்தத் துணைவியும் ராணியாகியிருப்பார். அவர்தான் முதலில் கைதட்டினார். 1966இல் பெர்க்லியில் ஒரு வீட்டுக் கொல்லையில் தொடங்கிய விளையாட்டு இத்தனை காலம் நிலைத்திருப்பது இதனால்தான். நாற்காலியால் அல்ல.

மருதம்:
கல்லணை சொல்வது சரி. நானும் தோற்றவர் வென்றவரைக் கட்டித் தழுவியதைக் கண்டிருக்கிறேன். புதிதாகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பதினேழாம் நூற்றாண்டுக்கு முந்தைய உடை போல ஏதோ ஒன்று உடுத்த முயன்றிருந்தால் போதும், சேலையும் வேட்டியும் தாராளமாகச் செல்லும். இல்லாவிட்டால் வாசலில் கேளுங்கள், இரவல் உடை வைத்திருப்பார்கள். விருந்துக்குத் தட்டு, கிண்ணம், கரண்டி நாமே கொண்டுபோக வேண்டும். போட்டியில் வென்றவர் உடனே ராஜா ஆவதில்லை. முடிசூட்டு விழாவரை அவர் இளவரசர், ஆகவே ‘யுவர் ஹைனஸ்’. அரியணையில் இருப்பவர்தான் ‘யுவர் மெஜஸ்டி’. இரண்டு முறை ஆண்டு இறங்கியவர் டியூக், அவரை ‘யுவர் கிரேஸ்’ என்பார்கள். வெள்ளை இடைக்கச்சை கட்டாதீர்கள், அது நைட் (knight) என்ற வீரப் பட்டம் பெற்றவர்களுக்கு உரியது. நம்மவர்களுக்கு முக்கியமாக ஒன்று: பதக்கம் இல்லாத தடித்த தங்கச் சங்கிலியும் அவர்களுடைய அடையாளம்தான், வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.