‘பவுன்ஸ் ஆஃப்’ பிடிபட்ட கதை

முற்றத்து அணில்:
தமிழ் மீடியத்தில் படித்தவன். ‘ஆஃப்’ என்றாலே எனக்கு ஃபேன் சுவிட்ச்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பழைய லண்டன் செய்தியை மொழிபெயர்க்கக் கொடுத்தார்கள். 2013-இல் ஃபென்சர்ச் தெருவில் எழும்பிக்கொண்டிருந்த ‘வாக்கி டாக்கி’ கோபுரத்தின் உட்குழிந்த கண்ணாடி முகம் வெயிலைக் குவித்து இறக்கியதில், கீழே நின்ற ஜாகுவார் காரின் பாகங்கள் உருகிவிட்டன. அதில் ‘சன்லைட் பவுன்சிங் ஆஃப் த கிளாஸ்’ (sunlight bouncing off the glass) என்று ஒரு ஆங்கில வரி. ‘கண்ணாடி அணைந்ததும் வெயில் துள்ளியது’ என்று எழுதிக் கொடுத்தேன். சிரிக்காதீர்கள்.

பக்கத்து சீட் அக்காதான் காப்பாற்றினார். “சுவத்துல பந்தை அடிச்சா?”
“திரும்பி வரும்க்கா.”
“எங்கிருந்து?”
“சுவத்துல இருந்து.”
“அந்த ‘இருந்து’தான்டா ஆஃப்.”
‘கண்ணாடியில் பட்டுத் தெறித்த வெயில்’ என்று திருத்தினேன்.

கல்யாண கேமரா:
நாங்க தினமும் சொல்ற வார்த்தைங்க இது. “சீலிங்ல பவுன்ஸ் அடி” என்போம். ஃபிளாஷை நேரே மணப்பெண் முகத்தில் அடித்தால் நெற்றி எண்ணெய் வழிகிற மாதிரி மின்னும், பின்சுவரில் கருப்பாக நிழல் விழும். ஃபிளாஷ் தலையை மேலே திருப்பி வெள்ளைச் சீலிங்கில் அடித்தால் வெளிச்சம் பரவி மெத்தென்று இறங்கும். ஒரு மண்டபத்தில் சீலிங் பச்சை. அவசரத்தில் கவனிக்கவில்லை. ஆல்பத்தில் சம்பந்தி வீட்டார் அத்தனை பேருக்கும் பச்சை முகம்! பாக்கிப் பணத்துக்கு நாலு நடை நடந்தேன். எதில் பட்டு வருகிறதோ அதன் நிறத்தையும் அள்ளிக்கொண்டு வரும் சார்.

இயற்பியல் டீச்சர்:
‘ரிஃப்ளெக்ட்’ என்று எழுதினால் போதாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். பெரும்பாலும் போதும். ஆனால் ‘பவுன்ஸ் ஆஃப்’ சொல்லும்போது வேலை செய்வது ஒளி, கண்ணாடி சும்மா நிற்கிறது. அப்பல்லோ 11 ஆட்கள் 1969-இல் நிலாவில் வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பானைச் சொல்லுவேன். இங்கிருந்து விட்ட லேசர் அதில் பட்டுத் திரும்ப ஏறக்குறைய 2.5 நொடி. “பந்து போயிட்டு வருது டீச்சர்” என்றான் ஒருவன். அவனுக்கு அதற்குமேல் விளக்கவில்லை.

இதே ‘ஆஃப்’ வருகிற ‘கிளின்ட் ஆஃப்’ (glint off) வேறு. மூக்குத்தியில் ‘மினுக்’ என்று ஒரு நொடி தெரியுமே, அது.

முற்றத்து அணில்:
டீச்சர், அப்படியே ‘கிளான்ஸ் ஆஃப்’ (glance off) என்னவென்றும் சொல்லிவிடுங்கள். நேற்று ‘பார்வை அணைந்தது’ வரைக்கும் போய்விட்டேன்.